வாசலில் எழுதிய சொல்

2006-ம் ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி, பைதான் என்ற கம்ப்யூட்டர் பாஷையின் 2.5-ம் பதிப்பு வெளியாயிற்று. அந்தப் பதிப்போடு ஒரு சொல்லும் பிறந்தது. 'பை-எஸ்ஸைஸ்-டி-க்ளீன்' என்று பெயர். உச்சரிக்கக் கொஞ்சம் சிரமம்தான். 'அளவு விஷயத்தில் நான் சுத்தம்' என்று அதற்கு ஏறக்குறையப் பொருள் சொல்லலாம். பதினெட்டு வருஷ காலம் உலகத்தின் பல மூலைகளிலும் எத்தனையோ புரோகிராம்களின் முதல் வரியாக அது இருந்து வந்தது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 7-ம் தேதி அதே பாஷையின் 3.13-ம் பதிப்பு வந்தபோது, இனிமேல் அந்தச் சொல்லை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று பதிப்புக் குறிப்பில் அறிவித்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சொல்லின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ராஜாக்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் கிடைக்கின்றன. இதற்குக் கிடைப்பவை பதிப்புக் குறிப்புகளும் கையேட்டுப் பக்கங்களுமே. ஆனால் அவற்றை வருஷ வரிசையில் அடுக்கி வைத்துப் படித்தால், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பக் கதையைப் போலவே இருக்கிறது. வாக்குக் கொடுத்த பெரியவர்கள் வருகிறார்கள். அதை நம்பி வாழ்ந்தவர்களும், வாக்கின் காரணத்தை மறந்துவிட்ட பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். கடைசியில் எவருக்கும் நஷ்டம் வராமல் அதை முடித்து வைத்தவர்களும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். அஞ்சறைப் பெட்டியும் சிலேட்டுப் பலகையும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கதாபாத்திரங்களை அறிமுகம் செய்துவிட வேண்டும்.

பைதானை உண்டாக்கியவர் கைடோ வான் ரோஸம் என்ற டச்சுக்காரர். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து வந்தார். 1989-ம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக இதை எழுத ஆரம்பித்தார். 1991-ம் ஆண்டு பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளியே வந்தது. மலைப்பாம்புக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. 'மாண்டி பைதான்' என்ற ஆங்கில நகைச்சுவைக் கோஷ்டியின் மேல் இருந்த பிரியத்தால் வைத்த பெயர் அது.

இன்னொரு பாத்திரம் 'ஸி' என்ற பாஷை. இது மூத்தது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பைதானுக்கும் ஸிக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிச் சொல்லலாம். 'இந்தப் பெயர்களை அகர வரிசையில் வை' என்று பைதானிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஸியிடம் அப்படிச் சொல்ல முடியாது. எத்தனை பெயர், ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். பதிலுக்கு அது மிக வேகமாக வேலை செய்து கொடுக்கும். பைதான் சுகமானது, ஆனால் நிதானம். ஸி வேகமானது, ஆனால் கறார்.

ஆகவே புத்திசாலிகள் இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். பேச்செல்லாம் பைதானில், உழைப்பு ஸியில். இப்படி ஸியில் எழுதிப் பைதானோடு ஒட்ட வைக்கும் பகுதிக்கு நீட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரிய பெரிய கணக்குகள் போடுகிறவர்கள், படங்களை ஆராய்கிறவர்கள், தகவல்களைச் சுருக்கி அனுப்புகிறவர்கள் எல்லோரும் இந்த நீட்சிகளை நம்பியே இருக்கிறார்கள். நீட்சிகளை எழுதியவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள். தங்கள் சௌகரியத்துக்காக எழுதி, பிறகு உலகத்துக்கே கொடுத்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டவர்களும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

பைதான் ஒரு சரக்கை ஸியிடம் ஒப்படைக்கும்போது இரண்டு தகவல்கள் சொல்லும். ஒன்று, சரக்கு இருக்கும் விலாசம். மற்றொன்று, அதன் நீளம். 'எனக்கு விலாசமும் வேண்டும், நீளமும் வேண்டும்' என்று கேட்பதற்கு 'எஸ்' என்ற எழுத்தையும் பக்கத்தில் ஹாஷ் என்ற கட்டம் போட்ட குறியையும் எழுதுவது வழக்கம். நீட்சி இரண்டு காலிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒன்றில் விலாசத்தையும் மற்றதில் நீளத்தையும் பைதான் நிரப்பிவிட்டுப் போகும்.

நீளத்துக்கு வைத்த பெட்டிக்கு நான்கு பைட் அகலம். 'இன்ட்' என்று அதற்குப் பெயர். அதில் கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பைதான் பிறந்த காலத்தில் அது மலையளவு எண். அவ்வளவு நீளமான சரக்கை எந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் கண்டதில்லை.

பிறகு காலம் மாறிற்று. 64 பிட் யந்திரங்கள் என்று ஒரு ஜாதி வந்தது. பெரிய நிலையங்களில் 1990-களிலேயே அவை இருந்தன. 2003-ம் ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டி கம்பெனி ஆப்டெரான் என்ற சில்லை வெளியிட்ட பிறகு அது நடுத்தர ஜனங்களின் மேஜைக்கும் வரத் தொடங்கியது. இந்த யந்திரங்களில் விலாசம் எழுதும் பெட்டி எட்டு பைட் அகலத்துக்குப் பெருத்துவிட்டது. ஆனால் 'இன்ட்' என்ற பெட்டி பழைய நான்கு பைட்டிலேயே நின்றது. ஊர் விரிந்துவிட்டது, வீட்டு நம்பர்களும் வளர்ந்துவிட்டன, ஆனால் ஊரில் எத்தனை வீடு என்று எழுதும் கட்டம் மட்டும் பழைய அளவு! நினைவகத்தில் இடம் இருந்தும், 214 கோடிக்கு மேற்பட்ட நீளத்தைச் சொல்லப் பைதானுக்கு வாயில்லாமல் போயிற்று.

இதைச் சரி செய்ய வேண்டும் என்று 2005-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு யோசனைப் பத்திரம் எழுதினார் மார்ட்டின் வான் லோவிஸ் என்ற ஜெர்மானியர். பைதானில் பெரிய மாறுதல் எதையும் முதலில் இப்படி ஒரு பத்திரமாக எழுதி வைப்பது வழக்கம். இது 353-ம் நம்பர்ப் பத்திரம். நீளங்களுக்கும் வரிசை எண்களுக்கும் இனிமேல் 'பை-எஸ்ஸைஸ்-டி' என்ற புதுப் பெட்டியை உபயோகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 64 பிட் யந்திரத்தில் அதன் அகலம் எட்டு பைட். அதில் 92 ஆயிரம் கோடி கோடிக்கு மேற்பட்ட எண் வரை எழுதலாம்.

'இதற்கு இப்போது என்ன அவசரம்?' என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஜிகாபைட் நினைவகம் இருந்தாலே வசதியானவர் என்று பொருள். 214 கோடி பேர்களைக் கொண்ட ஒரு பட்டியல் வேண்டுமென்றால், அவர்கள் விலாசங்களை எழுதி வைக்க மட்டுமே 16 ஜிகாபைட் ஆகும். ஆனால் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் புதிய புதிய நீட்சிகள் எழுதப்படுகின்றன. எவ்வளவு தாமதமோ, அவ்வளவு வீடுகளை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். வலி வருகிற வரையில் காத்திராமல் முன்னாலேயே கைவைத்தார்கள். தொலைநோக்கு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கை வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

பைதானுக்குள் இருக்கும் பெட்டிகளை மாற்றுவது பைதான்காரர்கள் கையில் இருந்தது. ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் நீட்சிகளில் இருக்கும் பெட்டிகள் அவர்கள் கையில் இல்லை. பைதான் திடீரென்று எட்டு பைட் அகலத்தில் நீளத்தை எழுத ஆரம்பித்தால், பழைய நீட்சி நான்கு பைட் பெட்டியைத்தான் நீட்டிக்கொண்டு நிற்கும். என்ன ஆகும்? அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்தில் இரண்டு கிண்ணம் கடுகைக் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். பாதி பக்கத்து வெந்தயத்தில் விழும். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பக்கத்துக் கிண்ணத்தில் என்ன இருந்ததோ, யாருடைய கணக்கோ, அது அழிந்து போகும்.

எதிர்ப்பக்கமும் இதே ஆபத்துதான். புது நீட்சி எட்டு பைட் பெட்டியை நீட்ட, பழைய பழக்கத்தில் பைதான் நான்கு பைட் மட்டும் எழுதிவிட்டுப் போனால்? எட்டுக் கட்டம் போட்ட சிலேட்டில் முன் நாலு கட்டத்தில் நேற்று யாரோ எழுதிய 7391 அழிக்காமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வந்தவர் பின் நாலு கட்டத்தில் 0012 என்று எழுதுகிறார். அவர் சொல்ல வந்தது பன்னிரண்டு. நாம் படிப்பதோ ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். சிலேட்டை யாராவது முன்பே துடைத்து வைத்திருந்தால் சரியாகவே இருக்கும். அதனால் இந்தப் பிழை மாதக் கணக்கில் தூங்கும். என்றைக்கோ ஒரு நாள் துடைக்காத சிலேட்டு கைக்கு வரும்போது விழித்துக்கொள்ளும்.

'ஸி கறாரான பாஷை என்று சொன்னீரே, அது இந்தத் தப்பைக் கண்டுபிடிக்காதா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வழக்கமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் இந்த இடத்தில் அது கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வரலாம், எந்த ஜாதிப் பெட்டியும் வரலாம் என்று திறந்து விட்ட வாசல் இது. எஸ் எழுத்தும் ஹாஷ் குறியும் மட்டுமே இரண்டு பேருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம். பெட்டியின் அகலத்தை அளந்து பார்க்கும் காவற்காரன் அங்கே இல்லை. புரோகிராம் தயாராகும்போது ஒரு முணுமுணுப்பும் கேட்காது.

பெட்டி சிறுத்துப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. 1996-ம் ஆண்டு ஜூன் 4-ம் தேதி, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ என்ற ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ராக்கெட் முதன் முதலாகக் கிளம்பிற்று. ஏறக்குறைய நாற்பது விநாடியில் வானத்திலேயே சிதறிப் போயிற்று. முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரு புரோகிராமை அப்படியே கொண்டுவந்து இதில் வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் அதிகம். 64 பிட் அகலத்தில் இருந்த ஓர் எண்ணை 16 பிட் பெட்டியில் போட முயன்றபோது கொள்ளவில்லை. வழி காட்டும் கருவி கைவிட்டுவிட்டது. பழைய புரோகிராமில் குற்றம் இல்லை. புதிய ராக்கெட்டிலும் குற்றம் இல்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் அளவு பொருந்தவில்லை. பைதான்காரர்களுக்கு எதிரில் இருந்ததும் அதே வகையான சந்திப்புத்தான்.

இந்த நிலைமையில்தான் நம் கதாநாயகியான அந்தச் சொல் பிறந்தது.

ஏற்பாடு மிக எளியது. ஒவ்வொரு நீட்சியும் ஆரம்பத்தில் பைதானின் தலைப்புக் கோப்பை உள்ளே அழைத்துக்கொள்ளும். பைதான் வீட்டுக்குள் நுழையும் வாசல் என்று அதைச் சொல்லலாம். வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், அதாவது அந்த அழைப்பு வரிக்கு மேலே, 'பை-எஸ்ஸைஸ்-டி-க்ளீன்' என்று ஒரு வரி எழுதி வைத்தால், 'என் பெட்டிகளை மாற்றிவிட்டேன், எட்டு பைட்டாகவே எழுது' என்று பொருள். எழுதாவிட்டால், 'நான் பழைய ஆள், நான்கு பைட்டாகவே எழுது' என்று பொருள். வாசலைத் தாண்டிய பிறகு எழுதினால் பிரயோசனம் இல்லை. சொல் இருந்தால், தலைப்புக் கோப்பு சத்தம் போடாமல் பழைய பணியாளை விலக்கிவிட்டு, அதே பெயரில் புதிய அளவு தெரிந்த வேறொரு பணியாளை வேலைக்கு நிறுத்திவிடும்.

மாறியவன்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டில் மிக நயமான அம்சம். மாறாதவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நீட்சியை எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட மனிதர்களை முன்பே சொன்னேனே, அவர்களுடைய புரோகிராம் இந்த வாசலில் மட்டுமாவது தொடர்ந்து பழையபடி நடந்தது. மாறுதலின் பாரத்தை, மாற வந்தவர்களே சுமந்தார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு பாலம் போட்டிருந்தார்கள். 2.5-க்கு முந்தைய பழைய பைதானிலும் தன் நீட்சி ஓட வேண்டும் என்று நினைப்பவர் என்ன செய்வது? பழைய பைதானுக்குப் 'பை-எஸ்ஸைஸ்-டி' என்ற பெயரே தெரியாது. 'பதிப்பு 2.5-க்குக் கீழே என்றால், அந்தப் பெயருக்கு இன்ட் என்றே பொருள் கொள்' என்று சில வரிகள் எழுதி வைத்துக்கொள்ளும்படி 353-ம் பத்திரத்திலேயே வழி சொல்லியிருந்தது.

சரி, அதற்குப் பிறகு?

2008-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி பைதான் 3.0 வெளியாயிற்று. பைதானின் சரித்திரத்தில் இது ஒரு பெரிய பிளவு. பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே செய்த மாறுதல். திரையில் ஒரு வரி அச்சிடும் விதம்கூட மாறியது. எழுத்துக்களைப் பாவிக்கும் முறை அடியோடு மாறியது. ஜனங்கள் பழையதிலிருந்து புதியதற்கு வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பழைய இரண்டாம் வரிசைக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடுதான் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டையே இடித்துக் கட்டிய அந்தச் சந்தர்ப்பத்தில் இந்த வாசற்சொல் மட்டும் கைபடாமல் தப்பிவிட்டது. எழுதாவிட்டால் நான்கு பைட், எழுதினால் எட்டு பைட் என்ற ஏற்பாடு புது வீட்டிலும் அப்படியே குடியேறியது. வருங்காலப் பதிப்பில் இது மாறும், ஆகவே எப்போதும் இந்தச் சொல்லை எழுதுவதே நல்லது என்று கையேடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தலைமுறை கடந்து போகிறது. நீட்சி எழுதப் புதிதாக வந்த பிள்ளைகள் கையேட்டில் முதல் பாடத்தைப் படித்தார்கள். முதல் வரியில் இந்தச் சொல் இருந்தது. எழுதிக்கொண்டார்கள். அவர்கள் புரோகிராமில் எஸ் ஹாஷ் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே எழுதினவர்களும் உண்டு. பிள்ளையார் சுழி போட்டுக் கடிதம் எழுதுவது போல அது ஆகிவிட்டது.

திவசத்துக்குப் பூனை பிடித்த கதை நம் வாசகர்களுக்குத் தெரியும். தாத்தா திவசம் செய்யும்போது வீட்டுப் பூனை பாலில் வாய் வைக்காமல் இருக்க, அதைக் கூடையால் கவிழ்த்து வைத்தார். மகனும் அப்படியே செய்தான். பேரன் காலத்தில் வீட்டில் பூனை இல்லை. திவசத்தன்று பக்கத்து வீட்டில் பூனை கடன் வாங்கி வந்து கூடையால் கவிழ்த்தான்! மூட வழக்கத்தைப் பரிகாசம் செய்ய இந்தக் கதையைச் சொல்வார்கள். நீட்சிக்காரர்களின் முதல் வரியைப் பார்க்கிறவனுக்கும் அந்தப் பரிகாசம்தான் முதலில் தோன்றும்.

ஆனால் இந்த விஷயத்தில் பரிகாசம் செல்லாது. கூடைக்கு அடியில் பூனை உயிரோடு இருந்தது! 2015-ம் ஆண்டில் ஒருவர், 'இது என்ன அர்த்தமில்லாத வரி' என்று அதை அடித்துவிட்டு, எட்டு பைட் பெட்டியை நீட்டியிருந்தால், துடைக்காத சிலேட்டுக் கதை அவர் வீட்டில் நடந்திருக்கும். பரம்பரையாக வந்த ஒரு பழக்கத்தைப் பார்த்து, இது செத்த சடங்கா, உயிருள்ள ஜாக்கிரதையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதைக் கடைப்பிடிக்கிறவர்களைக் கேட்டும் பயன் இல்லை, அவர்களுக்கும் தெரியாது. எதற்காக ஆரம்பித்தோம் என்று ஆரம்பித்தவர்கள் எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். 353-ம் பத்திரம் அந்தக் காரணத்தை எழுதி வைத்திருந்தது. தாத்தா மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 'பூனை பாலைக் குடிக்கிறது, அதனால் கவிழ்த்தேன்' என்று எழுதி வைத்திருந்தால் பேரன் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

இனி, இந்தச் சொல்லை எப்படி முடித்து வைத்தார்கள் என்பது. ஆரம்பித்து வைத்ததைவிட இது கஷ்டமான காரியம். மூன்று படிகளில் செய்தார்கள்.

முதற்படி, 2019 அக்டோபர் 14-ம் தேதி வந்த 3.8-ம் பதிப்பு. சொல்லை எழுதாமல் ஹாஷ் குறியை உபயோகித்தால் ஓர் எச்சரிக்கை கிளம்பும். வேலை நிற்காது. இதைச் செய்தவர் இனாடா நவோக்கி என்ற ஜப்பானியர். இந்த வகை எச்சரிக்கை சாதாரணமாக உபயோகிக்கிறவர் காதில் விழாது. புரோகிராமைச் சோதித்துப் பார்க்கிறவர் காதில்தான் விழும். யார் திருத்த வேண்டுமோ அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்கள். 3.10-ம் பதிப்பிலோ 4.0-ம் பதிப்பிலோ பழைய வழி அடைபடும் என்றும் அதிலேயே தெரிவித்தார்கள்.

இரண்டாவது படி, 2021 அக்டோபர் 4-ம் தேதி வந்த 3.10. இனிமேல் சொல்லை எழுதாமல் ஹாஷ் குறியைத் தொட்டால் புரோகிராம் பிழை காட்டும். எந்தச் சொல் விட்டுப்போயிற்று என்றும் சொல்லும். நான்கு பைட் என்ற பழைய வழக்கம் அன்றோடு முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். பழைய வழி அடைபட்ட பிறகு இருப்பது ஒரே வழிதான். ஒரே வழி இருக்கும்போது, 'நான் இந்த வழியாகத்தான் போகிறேன்' என்று வாசலில் எழுதச் சொல்வது எதற்கு? அன்றைக்கே சொல்லையும் தூக்கி எறிந்திருக்கலாமே?

எறிந்திருந்தால், எங்கோ ஒரு மூலையில் கவனிப்பார் இல்லாமல் கிடக்கும் பழைய நீட்சி, நான்கு பைட் பெட்டியோடு வந்து நின்றிருக்கும். பைதான் எட்டு பைட் கடுகைக் கொட்டியிருக்கும். யாரும் அறியாமல் வெந்தயம் கெட்டிருக்கும். சொல் இல்லாத நீட்சியைத் தடுத்து நிறுத்திக் காரணம் சொல்வதற்காக, அர்த்தம் போன பிறகும் மூன்று வருஷம் அந்தச் சொல்லைக் கட்டாயமாக வைத்திருந்தார்கள். ஓசை இல்லாமல் கெடுவதைவிட ஓசையோடு நின்றுபோவது மேல் என்பது அவர்கள் கொள்கை. ஏமாறாமல் காப்பதுதான் அந்த மூன்று வருஷமும் அந்தச் சொல்லுக்கு இருந்த ஒரே வேலை.

மூன்றாவது படி, 2024-ல் வந்த 3.13. எழுதினாலும் எழுதாவிட்டாலும் எட்டு பைட்தான். இந்த மாறுதலைச் செய்தவரும் அதே இனாடா நவோக்கி. முதல் எச்சரிக்கை மணியைக் கட்டியவரே, எல்லோரும் பத்திரமாகக் கடந்த பிறகு மணியை அவிழ்த்தும் வைத்தார்.

நம் தேசத்திலும் இப்படி ஒரு சொல் வாழ்ந்து மறைந்தது. 1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி தசமப் பணம் வந்தபோது ரூபாய்க்கு நூறு என்று வந்த காசுக்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒரே மடியில் புரண்ட காலத்தில், 'நயா' என்ற அடைமொழி இல்லாவிட்டால் கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றியதாகச் சண்டை போட்டிருப்பார்கள். ஏழு வருஷம் கழித்து, 1964 ஜூன் 1-ம் தேதி, 'நயா'வை எடுத்துவிட்டு வெறும் பைசா என்றே ஆக்கினார்கள். 'நயா' என்பதற்குப் புதிது என்று பொருள். பழையது பக்கத்தில் இருக்கிற வரையில்தான் அந்த அடைமொழிக்கு வேலை. 'க்ளீன்' என்ற சொல்லின் கதையும் அதுவே. எல்லோரும் சுத்தமாகிவிட்ட ஊரில் 'நான் சுத்தம்' என்று யாரும் மார் தட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் கையேட்டிலிருந்தும் அதை அடித்துவிடலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். பைதான்காரர்களும் 3.10-ம் பதிப்பின் கையேட்டிலே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'இந்தச் சொல் கட்டாயம்' என்று சொன்னதோடு நில்லாமல், 3.9-லும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் சொல் இருந்தால் என்ன அளவு, இல்லாவிட்டால் என்ன அளவு என்பதையும் சேர்த்து எழுதினார்கள். காலாவதியான விதிக்கு எதற்குக் கையேட்டில் இடம் என்று அலுத்துக்கொள்ளவில்லை. விதி போய்விட்டாலும், விதிக்குக் கட்டுப்பட்டு எழுதிய புரோகிராம்கள் போய்விடவில்லை. அவற்றைப் படிக்கிறவனுக்கு, அவை எழுதப்பட்ட காலத்தின் விதி தெரிந்தாக வேண்டும். பழைய பத்திரத்தில் 'நாலணா' என்று இருந்தால், நாலணா என்றால் இருபத்தைந்து பைசா என்று சொல்ல ஒரு புத்தகம் வேண்டாமா?

இன்னொரு காரணமும் உண்டு. பழைய 3.9-லும் புதிய 3.13-லும் ஒரே நீட்சி ஓட வேண்டும் என்று நினைக்கிறவர், இன்றைக்கும் அந்தச் சொல்லை எழுதியே தீர வேண்டும். புது வீட்டில் அது வெறும் அலங்காரம். பழைய வீட்டில் அதுவே பாதுகாப்பு. 3.13-ம் பதிப்பிலேகூட, அந்தச் சொல்லின் பேரில் வேலைக்கு நிறுத்தப்பட்டிருந்த பணியாட்களை முழுவதும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வெகு நாளைக்கு முன்பே தயாராகிவிட்ட நீட்சிகள் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று உள்ளே ஒரு மூலையில் அவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒரு மாறுதலைக் கொண்டுவருகிறவனுக்குப் பாராட்டு கிடைக்கும். பழையதைப் பிடிவாதமாகக் காக்கிறவனுக்கும் ஒரு கூட்டம் கைதட்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று, பழையவர்கள் வந்து சேருகிற வரையில் பல வருஷம் கதவைத் திறந்து வைத்து, பிறகு முன்கூட்டிச் சொல்லி, எச்சரித்து, தடுத்து, கடைசியில் சத்தம் இல்லாமல் சாத்துகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. உலகத்தின் கணக்குகள் கெடாமல் இருப்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனிமேல் வருகிற ஒரு பையனோ பெண்ணோ, ஏதோ ஒரு பழைய நீட்சியைப் பிரித்து, முதல் வரியில் இந்தச் சொல்லைப் பார்த்து விழிக்கக்கூடும். அப்போது கையேட்டைப் புரட்டினால் அங்கே மூன்று தகவல்கள் இருக்க வேண்டும். இது எதற்காக வந்தது, எந்தப் பதிப்பு வரையில் தேவைப்பட்டது, இன்றைக்கு விட்டு வைத்தால் தீங்கு உண்டா இல்லையா. விட்டு வைத்தால் தீங்கு இல்லை என்பதே இன்றைய பதில்.